முடிவைப் பகிர்வதா, தரவைப் பகிர்வதா?

இந்தியரிடையே பார்க்கின்சன் நோயின் மரபணுக் கூறுகளை ஆராயும் ஜிஏபி-இந்தியா திட்டம் 2020இல் வெளியிட்ட கட்டுரை, அடிப்படைக் கேள்வியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இந்நோயின் மரபியலில் இருபது ஆண்டுகளாகத் திரண்ட அறிவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தது. வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளிடம் அடிக்கடி தென்படும் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இந்தியரிடம் அரிது. பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே காணப்படும் ஜிபிஏ1 மாற்றம் ஒன்று 2023இல்தான் வெளிப்பட்டது. நைஜீரிய ஆய்வாளர்களும் ஜிபி2 பன்னாட்டுத் திட்டமும் கைகோத்ததன் பயன் அது.

திட்டத்தின் வலு முறையியலில் இருக்கிறது. 10,200 நோயாளிகள், அதே அளவு நலமுடையோர் என்ற இலக்கைவிட, மாதிரி எடுப்பது முதல் பதப்படுத்துவது வரை எல்லா மையங்களுக்கும் பன்னாட்டுத் தரத்துக்கு இசைந்த ஒரே நெறியைத் தொடக்கத்திலேயே வகுத்தது பெரிது. (அந்த இலக்கை எட்டக் குறித்திருந்த 2020 இறுதி என்ற காலக்கெடுவைக் கொண்டு திட்டத்தை எடைபோடக் கூடாது, அது கொரோனா ஆண்டு.)

பகிர்வில் இந்தக் கறார் தளர்கிறது. 500 பேரின் முழு மரபணுத்தொகையிலிருந்து ஒரு வரைபடம், முடிவுகளைப் பரப்ப ஓர் இணையத்தளம், தரவுக்கு உள்ளூர், தேசிய விதிகள் என்கிறது கட்டுரை. மரபணுத் தரவிலிருந்து ஆளை அடையாளம் காண முடியும் என்பதால் எச்சரிக்கை நியாயமே. ஆனால் 2010இல் தொடங்கிய பிபிஎம்ஐ என்ற பன்னாட்டுப் பார்க்கின்சன் ஆய்வு, விண்ணப்பித்து அனுமதி பெறும் ஆய்வாளருக்கு நோயாளிவாரியான தரவையே தருகிறது. அந்த அளவுகோலில் ஜிஏபி-இந்தியாவின் வரைவு கூட்டுழைப்பில் தேறுகிறது. திறந்த அறிவியலில் தேறவில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அறிவித்த நான்கு இலக்குகளும் நோய்க்குறி, மரபணு, இணையத்தளம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன; வேலையிடம் அவற்றில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளில் வெல்டிங் அன்றாட வேலை. வெல்டிங் புகையிலுள்ள மாங்கனீசு அளவுமீறி உடலில் சேர்ந்தால் பார்க்கின்சனை ஒத்த விறைப்பும் நடைத் தடுமாற்றமும் வரும். உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் குடிநீரில் கலந்த அமெரிக்கப் படைமுகாமில் இருந்தோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல் என்றது 2023 ஆய்வு ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளால் நோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மறுக்கவும் தரவு வேண்டும். இங்கே இருபத்தைந்து வயதில் ஒப்பந்தத்தில் வெல்டிங் செய்தவருக்கு அறுபதில் கை நடுங்கினால், அப்போது அவர் ஒடிசாவிலோ விழுப்புரத்திலோ இருப்பார். அங்குள்ள மையத்தின் படிவம் அவருடைய வேலை வரலாற்றைக் கேட்க வேண்டும். அந்தப் பதில் மரபணுத் தரவோடு இணைந்து பிற ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டும்.