தொலையுணர்வும் நிலத்துச் சான்றும்

ஒரு பொருளைத் தொடாது, அது விடுக்கின்ற அல்லது தெறிக்கின்ற கதிர்களைக் கொண்டு அதன் இயல்பை அறியும் முறையே தொலையுணர்வு எனப்படும். காடு, கடல், வளிமண்டலம் என்பவற்றைப் பரந்த அளவில் ஒருங்கே நோக்குதற்கு இதனினும் ஏற்ற வழி இல்லை. ஆயினும், செயற்கைக்கோள் காட்டுவதே முடிந்த முடிபு என்பாரது கூற்று ஆராய்தற்குரியது.

1978இல் ஏவப்பட்ட நிம்பசு-7 என்னும் செயற்கைக்கோள் அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோனையும் அளந்து வந்தது. எனினும், ஆங்கு இளவேனிற் காலத்தில் ஓசோன் பெரிதும் அருகுதலை 1985இல் கட்டுரை வாயிலாக நிறுவியோர், ஹாலி நிலையத்தில் நிலத்தினின்று அளந்த பிரித்தானிய ஆய்வாளராகிய பார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்போரே. அவர் கையாண்ட கருவியோ, 1920களில் டொப்சன் என்னும் அறிஞர் வகுத்தது.

செயற்கைக்கோள் காணாதிருந்ததோ எனின், அன்று, கண்டது. ஆனால், 180 டொப்சன் அலகிற் குறைந்த அளவுகள் அதுகாறும் அறியப்படாமையின், அவை ஐயத்துக்குரியன எனக் குறியிடப்பட்டன. அத்தரவுகள் எறியப்பட்டன எனப் பின்னர்ப் பரவிய கதை பொருந்தாது. அவை பேணப்பட்டமையாலன்றோ, மீள ஆராய்ந்தபோது அக்குறைவு அந்தாட்டிக்கா முழுவதும் பரந்திருந்தமை புலனாயிற்று! ஓரிடத்தே நிற்கும் டொப்சன் கருவி அப்பரப்பினைக் காட்டவல்லதன்று.

ஆகவே, குறை கருவியின்பாலதன்று. முன்பு காணாதது நிகழாது எனக் கொண்ட எண்ணத்தின்பாலதே. அவ்வெண்ணத்தைத் திருத்தியது நிலத்தில் நெடுங்காலம் தொடர்ந்த அளவீடு. செயற்கைக்கோள் உண்டென்று நில அளவை நிலையங்களைக் கைவிடுதல், உரைகல்லை எறிந்துவிட்டுப் பொன்னை மதிப்பிடப் புகுவதை ஒக்கும்.