கேட்டவர்கள் எழுதிய புத்தகங்கள்

கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் வேதப்புத்தகத்தின் அருகே இன்னொரு சிறு நூலும் இருக்கும். நாளுக்கு ஒரு பக்கம்: ஒரு வசனம், அதையொட்டிச் சில வரிகள், முடிவில் ஒரு ஜெபம். இந்தத் தினதியான நூல்களை இறையியலாளர்கள் எளிய பக்தி என்று கடந்துபோகிறார்கள். இலக்கிய விமர்சகர்களோ சபைக்குள் புழங்கும் சரக்கென்று தள்ளிவைக்கிறார்கள். எனக்கு இரண்டும் அநியாயமாகப் படுகின்றன. இவ்வகையின் மிகச் சிறந்த நூல்கள் சில, நூல் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தவர்களிடமிருந்து வந்தவை அல்ல. ஒருவர் வாழ்ந்தார், பேசினார். பக்கத்திலிருந்து கேட்ட வேறொருவர் அதைக் காப்பாற்றி நம்மிடம் சேர்த்தார்.

சகோதரர் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த நிக்கோலா எர்மன், லொரேன் பகுதியில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயப்பட்டவர். 1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கொடுக்கப்பட்டது சமையற்கட்டு வேலை. இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத வேலை அது. பல ஆண்டுகள் அங்கே உழைத்து, பிறகு மடத்தாருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். கோயிலில் முழந்தாளிடும் நேரத்துக்கும் பாத்திரச் சத்தத்தின் நடுவே அடுப்படியில் நிற்கும் நேரத்துக்கும் தனக்கு வேறுபாடில்லை என்பதே அவர் கண்டுகொண்டது. 1666இல் ழோசெஃப் தெ போஃபோர் என்ற குரு அவரைத் தேடிவந்து பேசத் தொடங்கினார்; கேட்டதைக் குறித்துவைத்தார். 1691இல் லாரன்ஸ் இறந்தபின், அந்தக் குறிப்புகளும் அவருடைய கடிதங்களும் நூலாயின. பிடிக்காத வேலை மாறியதால் ஆசீர்வாதம் வந்தது என்ற கதை அந்த நூலில் இல்லை. பிடிக்காத அந்த வேலைக்குள்ளேதான் ஆசீர்வாதம்.

ஆஸ்வால்டு சேம்பர்ஸின் தினதியான நூல் உலகெங்கும் வாசிக்கப்படுவது. அதை உருவாக்கியவரின் பெயரோ பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்துக்காரரான சேம்பர்ஸ் லண்டனில் வேதாகமக் கல்லூரி நடத்தினார். முதல் உலகப்போரின்போது கெய்ரோவை அடுத்த செய்தூன் முகாமில் படைவீரர்களிடையே ஊழியம் செய்தார். 1917 நவம்பரில், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால், 43 வயதில் இறந்தார். மனைவி கெர்ட்ரூட் சுருக்கெழுத்தில் கைதேர்ந்தவர். நிமிடத்துக்கு 250 சொற்கள் எழுதக்கூடியவர். கணவரின் வகுப்புகளையும் பிரசங்கங்களையும் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்திருந்தார். நான்கு வயது மகளோடு விதவையானவர், பின்னர் ஆக்ஸ்போர்டில் மாணவர்களுக்கு வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துப் பிழைத்தார். அந்த வேலைகளுக்கிடையே குறிப்புகளைப் பிரித்து, தேர்ந்து, நாளுக்கொன்றாக அடுக்கினார். 1927இல் வெளிவந்த அந்த நூலில் அவர் பெயர் இல்லை. முன்னுரையின் கீழே இரண்டு முதலெழுத்துகள் மட்டும். எதை எடுப்பது, எதை விடுவது, எந்த நாளுக்கு எதை வைப்பது என்ற தீர்ப்பு முழுக்க அவருடையது. அதை ஆசிரியப் பணி என்று சொல்ல நாம் ஏன் தயங்கவேண்டும்?

இதே மரபின் வேறொரு கிளை ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் தோன்றியது. 1728 மே மாதம் ஒரு மாலைக் கூடுகையில் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளைக்கென ஒரு வாசகம் கொடுத்தார்; அது வீடுவீடாகச் சொல்லப்பட்டது. 1731 முதல் இந்த அன்றாட வாசகங்கள் ஆண்டுதோறும் நூலாக அச்சாகின்றன. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள். வாசகரின் மனநிலைக்கேற்ப வசனம் வருவதில்லை, வந்த வசனத்தின் முன் வாசகர்தான் நிற்கவேண்டும். இட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற மறுநாள், 1944 ஜூலை 21இல், சிறையிலிருந்த ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இரு நாட்களின் வாசகங்களையும் குறிப்பிடுகிறார்.

இந்த ஹெர்ன்ஹூட் சபையின் சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாட தியானத்தை அறிய அந்தத் தொடர்பைவிட நம் சபைகளின் வழக்கங்களே உதவும். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, சாயங்காலக் குடும்ப ஜெபம், கீர்த்தனைப் புத்தகத்தின் காலை மாலைப் பாடல்கள் எல்லாம் உண்டு. இவற்றில் என்னை அதிகம் இழுப்பது ஸ்தோத்திர காணிக்கை. பிள்ளை பிறந்ததற்கு, காய்ச்சல் தணிந்ததற்கு, பரீட்சை தேறியதற்கு, வீட்டுக்கு நிலைக்கால் வைத்ததற்கு என்று கவரில் எழுதிக் கொடுப்பதை ஆராதனையில் வாசிக்கிறார்கள். மேடையேறிச் சாட்சி சொல்லத் தெரியாத ஒரு கிழவியும் தன் நன்றியை ஒரே வரியில் சபைமுன் வைத்துவிடுகிறாள்.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். அண்மைக்கால தியான நூல்களிலும் சாட்சிகளிலும் ஆசீர்வாதம் என்றால் வேலை, விசா, வீடு என்று சுருங்கிக்கொண்டு வருகிறது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்; தினதியானப் பக்கங்களில் அந்த விகிதத்தைக் காணமுடிவதில்லை. புலம்பலுக்கு இடமில்லாத நூலை, பிழைக்காத பிள்ளையின் தாய் எப்படித் திறப்பாள்? ஸ்தோத்திர காணிக்கைக் கவர்கள் இந்த வகையில் நூல்களைவிட உண்மையானவை. இறந்தவரின் நினைவுநாளுக்கும் அவற்றில் காணிக்கை வருகிறது.

வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ண பிள்ளை என்று நம் கிறிஸ்தவ இலக்கிய வரலாறு பெரும் கவிஞர்களை வரிசைப்படுத்தத் தவறியதில்லை. அந்த வரிசைக்கு அடுத்தபடியாகச் சபைகளின் காணிக்கைப் பதிவேடுகளையும் ஆய்வாளர்கள் கையிலெடுக்கவேண்டும். தொகையை விட்டுவிட்டு, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற வரியை மட்டும் ஊர்வாரியாக, ஆண்டுவாரியாகப் படியெடுத்தாலே போதும்.