கொலையும் நகையும்: சப்ளினின் 'மொஸ்யே வேர்டூ'

கொலையைப் பொருளாகக் கொண்டு நகையை விளைவிக்க முற்படும் கலைஞன் கத்தி முனையில் நடப்பவனாவான். கொலை கற்பனையாயின் அவன் தப்பிவிடலாம். உண்மையில் நிகழ்ந்ததாயின் இறந்தோர்க்குச் செய்யவேண்டிய கடனொன்று அவனைப் பற்றிக்கொள்கின்றது. சார்லி சப்ளின் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மொஸ்யே வேர்டூ' என்னும் திரைப்படம் இக்கடனை எவ்வளவிற்குத் தீர்த்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

படத்திற்கு மூலமானவன் பிரான்சு நாட்டு லாந்துரு. முதலாம் உலகப் போர்க் காலத்தில், பத்திரிகைகளில் மண விளம்பரஞ் செய்து, கைம்பெண்களையும் தனித்து வாழ்ந்த மகளிரையும் ஈர்த்து, அவர்தம் பொருளைக் கவர்ந்தபின் கொன்றவன். பத்துப் பெண்களும் அவருள் ஒருத்தியின் மகனுமாகப் பதினொருவரைக் கொன்றான் எனத் தீர்ப்பாகி, 1922 பெப்ரவரியில் கில்லட்டினில் தலை துணிக்கப்பட்டான். செலவுகளையெல்லாம் ஒழுங்காக எழுதிவைக்கும் வழக்கமே அவனைக் காட்டிக்கொடுத்தது. நாட்டுப்புறத்து வீட்டிற்குப் புகைவண்டியிற் செல்லும்போது தனக்குப் போய்வரும் சீட்டும், உடன்வந்தவளுக்குப் போகும் சீட்டு மட்டும் வாங்கியதை அவன் குறித்துவைத்திருந்தான்! நகையும் நடுக்கமும் அவ்வொரு கணக்கிலேயே ஒருங்கு கிடந்தன.

இக்கதையைப் படமாக்கும் எண்ணம் ஓர்சன் வெல்ஸ் என்பாருடையது. சப்ளின் அதனை 5,000 டொலருக்கு வாங்கி இரு பெரு மாற்றங்களைச் செய்தார். காலத்தை 1930களின் பொருளாதார மந்தத்துக்கு நகர்த்தி, கொலைஞனை வேலையிழந்த வங்கி இலிகிதனாக்கினார்; நடக்கவியலாத மனைவியையும் சிறு மகனையும் காப்பதற்காகவே அவன் கொலைத்தொழிலை மேற்கொள்கின்றான். மற்றையது இதனினும் பெரிது. லாந்துரு இறுதிவரை குற்றத்தை மறுத்தவன். வேர்டூவோ குற்றத்தை ஏற்றுக்கொண்டு உலகத்தையே கூண்டில் ஏற்றுகின்றான்: அரசுகள் பேரளவிற் செய்வதையே தான் சிற்றளவிற் செய்ததாக வாதிடுகின்றான். அணுகுண்டு வீழ்ந்து இரண்டாண்டும் நிரம்பாத காலத்தில் அமெரிக்கர் இதனைப் பொறுத்திலர். எதிர்ப்பு மிகவே, படம் விரைவில் திரும்பப் பெறப்பட்டது.

அவ்வெதிர்ப்பு நேர்மையற்றது, போரைப் பற்றி வேர்டூ கூறுவது பொய்யன்று. ஆயினும் அவ்வுரை படத்தின் வலிமை என்று கொள்ளற்கில்லை. உண்மையைச் சொல்பவன் யாவன்? தன் கையாற் கொலை செய்தவன். அவன் தட்டில் போரை வைத்தவுடன் மற்றைத் தட்டிலிருந்த பெண்கள் கனமிழந்துவிடுகின்றனர். படத்தில் உயிர்ப்புடன் விளங்கும் மகளிர் இருவர். ஒருத்தி, எத்தனை முறை முயன்றும் அவனாற் கொல்லவியலாத அனபெல்லா. மார்தா ரேயின் நடிப்பிற்காகவே இப்பகுதியைப் பன்முறை காணலாம். மற்றவள், நஞ்சு கலந்த மதுவை முன்னே வைத்தும் அவள் கதை கேட்டு அவன் மீட்டெடுத்துக்கொண்ட ஏழைப் பெண். கொல்லப்பட்டவருள் தெல்மா என்பவளை நாம் காண்பதேயில்லை. தோட்டத்து எரிகலனிலிருந்து எழும் கரும்புகையே அவள். அப்புகையின் அருகே வேர்டூ ரோசாமலர் கொய்கின்றான். காலடியிற் கிடந்த கம்பளிப்புழு நசுங்காதவாறு அதனை எடுத்து அப்பால் விடுகின்றான். தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களமாக வகுத்த நான்கனுள் எள்ளல் ஒன்று. இங்கு எள்ளப்படுபவன் கொலைஞனே எனின் ஏற்கலாம். புகையாய்ப் போனவளும் உடன் எள்ளப்படுகின்றாள் என்பதே குறை.

ஒரேயோரிடத்தில் இக்குறை நீங்குகின்றது. இரவில் லிடியா என்னும் முதியவளின் அறைக்குள் வேர்டூ நுழைகின்றான். கொலையை நமக்குக் காட்டாது வெறும் வழிநடையையும் சாளரத்தையுமே சப்ளின் காட்டுகின்றார். ஒளி மாறிப் பொழுது புலர்கின்றது. வெளியே வந்தவன் பணத்தை எண்ணுகின்றான், வங்கியிற் பழகிய விரல்களின் விரைவோடு. பின்னர் காலையுணவிற்கு மேசையிடத் தொடங்கி, பழக்கத்தால் இருவர்க்கு வைத்துவிட்டு, நினைவு வந்தவனாய் ஒருவர்க்குரியதைத் திருப்பி எடுக்கின்றான். அரங்கு சிரிக்கின்றது. ஆனால் அந்த வெற்றிடம் லிடியாவினுடையது. நீதிமன்ற உரை முழுவதிலும் கொல்லப்பட்ட ஒருத்திக்கேனும் அத்துணை இடம் அளிக்கப்படவில்லை.