காகிதத் தேஜஸுக்கு ஒரு கண்ணாடி மூடி

காகித விமான மாதிரியில் கண் முதலில் போய் நிற்கும் இடம் விமானி அறையின் ஒளிபுகும் மூடி. இங்கே செய்யும் மாதிரி தேஜஸ் போர் விமானத்துடையது; 2020 மே மாதம் கோவையை அடுத்த சூலூரில் இந்திய விமானப்படையின் 18-ஆம் படைப்பிரிவு தேஜஸ் விமானங்களுடன் இயங்கத் தொடங்கியது. 13.2 மீட்டர் நீளமுள்ள அந்த விமானத்தை 33-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 40 செ.மீ. வரும்.

ஒரே திசையில் வளையும் மூடிக்கு ஓ.எச்.பி. ஷீட்டை வெட்டி வளைத்தாலே போதும். தேஜஸின் மூடி இரு திசையிலும் வளைவது. அதற்குச் சூடு வேண்டும். மென்மரத்தில் மூடியின் வடிவத்தைச் செதுக்கி, உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இந்த வேலையில் அவசரம் கூடாது: மரத்தின் ரேகை ஒன்று விடுபட்டாலும் அது பிளாஸ்டிக்கில் அப்படியே பதிந்துவிடும். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் அச்சை இறுக்கிச் செருகி, வெப்பக்காற்றுக் கருவியால் சுற்றிலும் சூடு காட்டினால் பாட்டில் சுருங்கி அச்சைக் கவ்வும். இழுத்து ஊதிச் செய்த பிளாஸ்டிக், சூடு பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்ப்பதே காரணம். பார்க்கப் பார்க்க வடிவம் எழுந்துவரும் அழகான கட்டம் இது. சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் வெளுத்துப் பால்நிறமாகும். அந்தத் துண்டு உதவாது.

ஆறியபின் கோடிட்டு வெட்டி, சாயம் பூசிய காகிதப் பட்டைகளைச் சட்டமாக ஒட்டலாம். நொடியில் ஒட்டும் பசையின் ஆவி மூடியில் வெண்படலம் பூசிவிடும். காய்ந்தால் தெளியும் வெள்ளைப் பசையே ஏற்றது.