வேகத்தில் மட்டும் இடிக்கும் எஞ்சின்

மட்டக்களப்புக் கராஜ்களில் பாகம் மாற்றியபின் கோளாறு வராவிட்டால், அது தீர்ந்ததாகக் கணக்கு. மணிக்கு எழுபது கிலோமீட்டரைத் தொடும்போது மட்டும், அதுவும் இடையிடையே இடிக்கும் எஞ்சினுக்கு இந்த அளவுகோல் செல்லாது. விட்டுவிட்டு வருவதே அதன் இயல்பு. நான்கு நாள் வராமலிருந்தது எதற்கும் சான்றல்ல.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. அதனால் தொண்ணூறுகளின் டொயோட்டா கொரோலாக்களை ஓட்டியே தீரவேண்டியிருந்தது. பழுதறியும் முறைகளின் தரமும் அதில் வெளிப்பட்டது.

பாகம் மாற்றிப் பார்க்கும் முறையை முற்றாக ஒதுக்க முடியாது. ஓடும் காரொன்றிலிருந்து இரவல் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல சோதனைக் கருவி. ஆனால் பிளக், பில்டர், பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று மெக்கானிக் பாஸுக்கே தெரியாது. பழையதைத் திரும்பப் பூட்டி, கோளாறும் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் அது நிரூபணம். அதைச் செய்பவர் அரிது.

அடுத்தது குறி வாசிப்பு: பழுதறியும் இணைப்பியின் டி.இ.1, இ.1 முனைகளை இணைத்து செக் எஞ்சின் விளக்கின் மினுக்கலை எண்ணுவது மலிவானது, துல்லியமானது. குறி 14 என்றால் இக்னைட்டரின் பதில் சைகை கணினிக்கு வரவில்லை. ஆனால் பெற்றோல் பம்ப் சோர்ந்தால் இவ்விளக்கு பெரும்பாலும் மௌனம். பதிவான குறியையும், கார் வந்தவுடன் பற்றரியைக் கழற்றும் பழக்கம் அழித்துவிடுகிறது.

எஞ்சியது ஓட்டத்தில் அளத்தல். எரிபொருள் அழுத்தமானியை நீண்ட குழாயில் பூட்டி, வைப்பரோடு கட்டி, ஓட்டமாவடி தாண்டிப் புணானைப் பக்கம் ஓடவேண்டும். கொரோலாவின் 5ஏ-எஃப்இ எஞ்சினுக்கு, வெற்றிடக் குழாயைக் கழற்றிய நிலையில், சதுர சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 3.1 கிலோ அழுத்தம் வேண்டும். அக்சிலேற்றரை மிதிக்க முள் சரிந்தால் பில்டர் அல்லது பம்ப். முள் அசையாமல் கார் இடித்தால் சந்தேகம் மின்சாரப் பக்கம் திரும்பும். ஆர்.பி.எம். முள்ளையும் விடக்கூடாது: கியரில் ஓடும்போதே அது சட்டெனப் பூச்சியத்துக்கு விழுந்தால், இக்னிஷன் சைகை அறுகிறது. நான்கு கியர் ஓட்டோவில் பிரேக்கை மெல்லத் தொட்டதும் நடுக்கம் நின்றால், எஞ்சினை விட்டு டோர்க் கன்வேர்ட்டரின் லொக்-அப்பைப் பார்க்கவேண்டும். கல்லடியின் உவர்க்காற்றில் பூத்த ஏத் வயரைக் கண்ணால் மட்டும் பார்ப்பது வீண். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் வீழ்ச்சி இருந்தால் சுத்தம் செய்யவேண்டும்.

இம்முறைக்கும் குறை உண்டு. இருவர் வேண்டும், பெற்றோல் செலவாகும், அவ்வீதியில் 70க்கு மேல் ஓட சட்டம் இடந்தராது. கோளாறு அன்று வராமலும் போகலாம். ஆயினும் கோளாறை அது நிகழும் இடத்திலேயே பிடிப்பது இது ஒன்றுதான், முதலிடம் இதற்கே. குறி வாசிப்பு இதற்குத் துணை. பாகம் மாற்றுதல், பழையதைத் திரும்பப் பூட்டிப் பார்க்கும் நிபந்தனையோடு மட்டும் ஏற்கத்தக்கது. பில்லில் பாகத்தின் பெயர் இல்லாத நாட்கூலியை வாடிக்கையாளர் தர மறுக்கும்வரை, பம்ப் மாற்றும் பாஸை மட்டும் குறைசொல்வதும் நியாயமில்லை.