சமூகவியலின் மூன்று நோக்குகளும் மேலப்பாளையமும்

நம் இறையியற் கல்லூரிகளில் சமூகவியல் அறிமுகப் பாடமாகக் கற்பிக்கப்படுகையில், அது பெரும்பாலும் மூன்று நோக்குகளின் அறிமுகமாகவே அமைகிறது: செயற்பாட்டு நோக்கு, முரண்பாட்டு நோக்கு, குறியீட்டு ஊடாட்ட நோக்கு. அமெரிக்கப் பாடநூல்கள் வழி நம்மை வந்தடைந்த இப்பகுப்பு நினைவில் எளிதில் பதிகிறது; தேர்வுக்கும் பயன்படுகிறது. ஆயின், ஆயராகப் பணியேற்கவிருக்கும் ஒருவர் தம் அண்டை ஊரைக் காண அது துணைசெய்கிறதா? இவ்வினாவை மேலப்பாளையத்தை முன்வைத்து ஆராய விழைகிறோம்.

பாளையங்கோட்டைக்கு அணித்தே உள்ள இவ்வூர் 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்தது. இஸ்லாமியர் மிகுந்து வாழும் இவ்வூர் நெசவுக்கும் பீடித்தொழிலுக்கும் பெயர் பெற்றது. பீடி சுற்றுவோர் பெரும்பாலும் பெண்களே. கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, சொளகை மடியில் வைத்து வீட்டிலிருந்தபடியே சுற்றி, கட்டுகளைக் கடையில் ஒப்படைக்கின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலிக் கணக்கு.

டர்க்கைம், பார்சன்ஸ், மெர்ட்டன் ஆகியோர் வழிவந்த செயற்பாட்டு நோக்கு இங்கு ஒழுங்கைக் காண்கிறது. பெண் வீட்டைவிட்டு அகலாமலே வருவாய் ஈட்டுகிறாள்; குடும்ப மரபு குலையவில்லை; தாயிடமிருந்து மகள் தொழில் கற்கிறாள். இம்முறை ஏன் நிலைத்திருக்கிறது என்பதை இந்நோக்கு ஓரளவு விளக்குகிறது. ஆனால் யாருடைய நலனுக்காக நிலைத்திருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஏற்றத்தாழ்வு சமுதாயத்திற்குத் தேவையான பணியைச் செய்கிறது என டேவிஸ், மூர் இருவரும் 1945-இல் வாதிட்டனர். 1953-இல் டியூமின் அதனை மறுத்தார். அவர்களுக்கு முன்பே, 1936-இல், சாதி என்பது தொழிற்பிரிவினை மட்டுமன்று, தொழிலாளரையே படிநிலைகளாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் காட்டியிருந்தார். அறிமுகப் பாடத்தில் அவர் பெயர் இடம்பெறாமற் போவது பெருங்குறை.

மார்க்ஸ் வழிவந்த முரண்பாட்டு நோக்கு கூலியை உற்று நோக்குகிறது. தொழிற்கூடத்தின் வாடகையும் விளக்கும் தொழிலாளியின் வீட்டுச் செலவாகின்றன. தரமற்றதெனக் கழிக்கப்படும் பீடியின் இழப்பும் அவள் தலையில் விழுகிறது. வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என 1966-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1974-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவற்றின் அருமையை இந்நோக்கே நமக்கு உணர்த்துகிறது. எனினும், இவ்வுழைப்பு ஏன் பெண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதை வர்க்கம் ஒன்றைக்கொண்டே விளக்கிவிட முடியாது.

மீட், புளூமர், கோஃப்மன் ஆகியோரின் ஊடாட்ட நோக்கு பெயர்களைக் கவனிக்கிறது. நாள் முழுதும் பீடி சுற்றுபவளும் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்றே பேசப்படுகிறாள். நாளடைவில் அவளும் அவ்வாறே சொல்லப் பழகுகிறாள். நுண்ணிய அவதானிப்புதான். ஆயினும் அப்பெயரால் ஆதாயம் பெறுபவர் யார் என்று கேளாமல் இந்நோக்கு நின்றுவிடுகிறது.

இம்மூன்றையும் தனித்தனிப் பேழைகளாக வைப்பதே நம் பாடமுறையின் குறை என்கிறோம். ஆந்திரத்து நரசாபுரத்தின் பின்னல்வேலைப் பெண்களைப்பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூல் இச்சுவரை உடைக்கிறது. 'இல்லத்தரசி' என்ற பெயரே கூலியைக் குறைக்கும் கருவி என்பது அவர் முடிவு. பெயரும் கூலியும் அங்கே ஒரே வினாவாகின்றன. நரசாபுரத்துச் சரக்கு ஏற்றுமதிக்குரியது. பீடியோ பெரிதும் உள்நாட்டுச் சந்தைக்குரியது. பீடிப் பெண்களுக்குச் சட்டத்தின் ஏற்பும் கிட்டியது. ஆகவே அம்முடிவை அப்படியே இங்குப் பொருத்திவிடலாகாது. எனினும் அவர் கேட்ட கேள்வி இங்கும் கேட்கத் தக்கதே.

அக்கேள்வி நம் வாயிலிலும் வந்து நிற்கிறது. நரசாபுரத்துக்கு அப்பின்னல்வேலையைக் கொணர்ந்தவர்கள் மிஷனெரிகள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவர் மகளும் கால்டுவெல்லின் துணைவியாருமான எலைசா அம்மையாரும் அதனைப் பரப்பினர். ஏழைப் பெண்களுக்கு அது கையிற் காசும் மதிப்பும் தந்தது. நாகர்கோவிலில் பெண்கல்விக்கும் பொருளுதவி அளித்தது. அதனை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம், நினைவுகூரவும் வேண்டும். ஆனால் சபை வரலாற்றை எழுதுகையில் நாம் செயற்பாட்டு நோக்கோடு நின்றுவிடுகிறோம். ஊசி பிடித்தவர் எத்தனை மணி உழைத்தார், விலையில் அவர் பங்கு எவ்வளவு என்று அரிதாகவே கேட்கிறோம். மேலப்பாளையத்துக் கடைக்காரரிடம் கேட்கும் வினாவை நம் சபைக் குறிப்பேடுகளிடமும் கேட்பதே நேர்மை.

ஆதலின் பாடமுறை தலைகீழாக வேண்டும். மூன்று நோக்குகளைக் கற்பித்தபின் எடுத்துக்காட்டுத் தேடுவதை விடுத்து, ஒரு வீட்டை முதலில் காட்டி, அவ்வீட்டைப்பற்றி ஒவ்வொரு நோக்கும் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று மாணவரைக் கேட்கவேண்டும். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் பிடித்துவைக்கப்பட்ட கூலியைப்பற்றிப் பேசுகிறது. அப்பகுதியைப் பிரசங்கிக்க எழும் ஆயர், தம் அண்டை வீட்டில் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பதை அறிந்திருக்கவேண்டும். அண்டை வீட்டார் நம் சபையார் அல்லர் என்பது அதற்குத் தடையாகாது.