பதிப்பின் வயதும் பராமரிப்பவரின் உழைப்பும்

லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. டெபியன் ஸ்டேபிள் போன்ற களஞ்சியங்களில் கிடைப்பவை ஓரிரு ஆண்டு பழைய மென்பொருள்கள். ஆர்ச் லினக்ஸ், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்ற ரோலிங் டிஸ்ட்ரோக்களில் எல்லாம் புத்தம் புதியவை. 'பழகியதை வைத்துக்கொள், உடையாது' என்பது ஒரு கட்சி. 'புதியதை எடுத்துக்கொள், ஓட்டைகள் அடைபட்டிருக்கும்' என்பது எதிர்க்கட்சி. சான்றுக்கு இருவரிடமும் பஞ்சமில்லை. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளின் பெரிய விபத்துகளை எடுத்து வைத்துப் பார்த்தால், அந்தச் சான்றுகள் இரு கட்சியும் சொல்லும் முடிவுக்கு நம்மைக் கொண்டுசேர்ப்பதில்லை.

டெபியனை எடுத்துக்கொள்வோம். ஒரு பேக்கேஜ் முதலில் 'சிட்' எனப்படும் அன்ஸ்டேபிள் பிரிவில் நுழைகிறது. வழக்கமாக அங்கே 2 முதல் 10 நாள் வரை இருக்கும். வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான புதிய பிழை எதுவும் கிளம்பாவிட்டால் டெஸ்டிங் பிரிவுக்கு நகரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கில் புது வரவுகளை நிறுத்தி, பிழைகளைக் களைந்து, ஸ்டேபிள் என்று வெளியிடுகிறார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-இல் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தன. அன்றோடு அவற்றின் பதிப்பு எண்கள், சில விலக்குகள் தவிர, நின்றுவிட்டன. பிறகு ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், புதிய பதிப்பில் வந்த திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய நிரலில் பொருத்துவார்கள். பேக்போர்ட்டிங் என்பது இந்த வேலைதான். புதுச் சட்டையிலிருந்து துணி எடுத்துப் பழைய சட்டைக்கு ஒட்டுப்போடுவது போல. நிறம் பொருந்த வேண்டும், தையலும் தெரியக்கூடாது.

இந்த உழைப்பு எங்கே பதிவாகிறது என்பதைப் பதிப்பு எண்ணிலேயே பார்க்கலாம். டெபியன் 12 ஓடும் சர்வரில் ஓபன்எஸ்எஸ்எச் எந்தப் பதிப்பு என்று கேட்டால் '9.2பி1-2+டெப்12யு3' என்பது போல ஒரு விடை வரும். முன்னாலிருக்கும் 9.2பி1 என்பது அந்த மென்பொருளை எழுதியவர்கள் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட பதிப்பு. அடுத்த 2, டெபியன் அதைப் பேக்கேஜாகக் கட்டியதன் வரிசை எண். வாலில் தொங்கும் 'டெப்12யு3' என்பது, டெபியன் 12-க்கென்று அதன்மேல் செய்த மூன்றாவது திருத்தம். தலையை மட்டும் படித்துவிட்டு 'இது பழசு, ஆபத்து' என்று சிவப்பு விளக்குப் போடும் ஸ்கேனர்கள் உண்டு. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அட்மினைக் கேள்வி கேட்கும் மேலாளர்களும் உண்டு. இவர்கள் வாலைப் படிப்பதில்லை.

ஸ்டேபிள் கட்சியின் மிக வலுவான சான்று 2024-இல் கிடைத்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளின் 5.6.0 பதிப்பு பிப்ரவரி 24 அன்று வந்தது, 5.6.1 மார்ச்சில். இரண்டிலும், ஜியா டான் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தார். டெபியனின் சிட், டெஸ்டிங், ஃபெடோராவின் ராஹைட், டம்பிள்வீட் எல்லாவற்றிலும் அது நுழைந்துவிட்டது. டெபியன் ஸ்டேபிளில் இருந்ததோ 5.4.1. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கு முடிந்தது போலத் தோன்றும்.

குறுக்கு விசாரணையில் கதை மாறுகிறது. கதவைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் தோண்டினார். மார்ச் 29 அன்று அறிவித்தார். அவர் கண்ணில் பட்டது டெபியன் சிட் ஓடும் கணினியில். எல்லோரும் ஸ்டேபிளிலேயே உட்கார்ந்திருந்தால் பார்த்திருக்க ஆளில்லை. ஏப்ரலில் வரவிருந்த உபுண்டு 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கான சோதனைக் களஞ்சியத்திலும் எக்ஸ்இசட் 5.6 ஏற்கனவே எட்டிப் பார்த்திருந்தது. இன்னும் சில வாரம் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கான சர்வர்களில் அந்தக் கதவு 'நிலையாக' நின்றிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீநிரல் டெபியன் வகையாகவோ ஆர்பிஎம் வகையாகவோ பேக்கேஜ் கட்டும்போது மட்டுமே தன்னை உள்ளே சேர்த்துக்கொண்டது. எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் இயல்பாகத் தொடர்பில்லை; சிஸ்டம்டி வசதிக்காக டிஸ்ட்ரோக்கள் தாங்களாகச் சேர்த்த பேட்ச்தான் அந்த இணைப்பை உண்டாக்கியது. அந்த பேட்ச் இல்லாத ஆர்ச், மிகப் புதிய பதிப்பை வைத்திருந்தும் இந்தத் தாக்குதலுக்கு வழிவிடவில்லை. ஆக இந்தச் சம்பவத்தில் ஸ்டேபிளைக் காத்தது தாமதம். தாமதத்தால் பலன் கிடைப்பது, அந்த இடைவெளியில் வேறு யாரோ புதியதை ஓட்டிப் பார்ப்பதால்தான்.

'பழசு என்றால் பாதுகாப்பு' என்பதையே ஒரு விதியாக்க முடியுமா? 2014 ஏப்ரலில் வெடித்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை முதலில் ஆம் என்கிறது. ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1-இல் இருந்தது. அப்போதைய ஸ்டேபிளான டெபியன் 7 சிக்கிக்கொண்டது. அதற்கும் முந்தைய டெபியன் 6, பழைய 0.9.8-ஐ வைத்திருந்ததால் தப்பித்தது. ஆனால் 2024 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் அறிவித்த ஓபன்எஸ்எஸ்எச் ஓட்டையைப் பாருங்கள். 2006-இல் அடைக்கப்பட்ட பிழை, 8.5பி1 பதிப்பில் தவறுதலாகத் திரும்பி வந்திருந்தது. மிகப் பழையவை ஆபத்து, இடையில் உள்ளவை பத்திரம், அதற்குப் பிந்தியவை மறுபடி ஆபத்து. டெபியன் 11-இல் இருந்தது 8.4பி1, ஒரே ஒரு பதிப்பு வித்தியாசத்தில் பிழைத்தது. இதைத் திட்டமிட்ட பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது. பதிப்பின் வயதை மட்டும் வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது என்பதே இவ்விரண்டும் சேர்ந்து சொல்வது.

அப்படியானால் எடைபோட வேண்டியது வயதுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை. அந்த உழைப்பும் சறுக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது டெபியனின் வரலாற்றிலேயே கசப்பானது. 2006-இல், நினைவகப் பிழைகளைத் தேடும் ஒரு கருவி எச்சரிக்கை காட்டியது என்பதற்காக, டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. தற்செயல் எண்களை உருவாக்கும் பகுதியின் உயிரே அந்த வரிகளில்தான் இருந்தது. விளைவாக, ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்தில் உருவாகும் சாவிகளின் எண்ணிக்கை 32,768-க்குள் அடங்கிவிட்டது. ஒரு சாதாரணக் கணினியே அத்தனையையும் உருவாக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2007-இல் வந்த ஸ்டேபிளில் இது அப்படியே உறைந்தது. 2008 மே 13 அன்றுதான், லூசியானோ பெல்லோ என்ற டெபியன் நிரலாளர் கண்டுபிடித்ததால், வெளியே தெரிந்தது. மூல நிரலை அப்படியே எடுத்துக் கட்டிய டிஸ்ட்ரோக்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

இரண்டாவது, 2023 டிசம்பர். கெர்னலின் நீண்டகாலப் பராமரிப்புக் கிளையான 6.1-க்கு ஒரு திருத்தம் புதிய கெர்னலிலிருந்து கொண்டுவரப்பட்டது. அந்தத் திருத்தம் சார்ந்திருந்த முந்தைய மாற்றம் ஒன்று கூடவே வரவில்லை. 6.1.64-இல் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் தரவு கெட்டுப்போகும் அபாயம் உண்டாயிற்று. டெபியன் 12.3 வெளியீட்டைப் பாதியில் நிறுத்தி, 'அப்டேட் செய்யாதீர்கள்' என்று அறிவித்து, மறுநாளே 12.4-ஐ வெளியிட்டார்கள். இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே இருந்த புதிய கெர்னல்களுக்கு ஒன்றுமில்லை. பேக்போர்ட் செய்த நிரல் என்பது மூல நிரலாளர் எவரும் எழுதிப் பார்க்காத ஒரு கலவை. அதைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் கலந்தவர் தலையில் விழுகிறது. ஆயினும் ஓரிரு நாளில் தடுத்து, திருத்தி, மக்களுக்குச் சொல்லவும் ஆள் இருந்தது. இந்தப் பக்கத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

உழைக்க ஆளே இல்லாத இடத்தில் ஸ்டேபிளின் வாதம் அடியோடு சாய்கிறது. 2016-இல் எக்ஸ்ஸ்க்ரீன்சேவரை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, தன் மென்பொருளை டெபியனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றே கேட்டார். எப்போதோ தான் திருத்திவிட்ட பிழைகளுக்கு, பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் தன்னிடமே புகார் அனுப்புகிறார்கள் என்பது அவருடைய குறை. அது நியாயமானது. பதிப்பை உறையவைப்பவர் டிஸ்ட்ரோ. பதில் சொல்பவர் எழுதியவர். உபுண்டுவில் 'யுனிவர்ஸ்' எனப்படும் பெரும் பகுதிக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் நெடுங்காலம் இருந்ததில்லை. உபுண்டு ப்ரோ சந்தா வந்தபிறகே அது கிடைத்தது. பத்தாண்டுப் பராமரிப்பு என்பதை ரெட் ஹாட் விலை வைத்து விற்பதும் இதே காரணத்தால்தான். பழையதைப் பழுதுபார்க்கும் வேலைக்கு யாரோ ஊதியம் தந்தாக வேண்டும்.

டெபியனும் இதை மறைப்பதில்லை. பிரவுசர்களில் ஓட்டைகள் இடைவிடாமல் வருகின்றன, பேக்போர்ட் செய்து கட்டுப்படியாகாது என்று ஒப்புக்கொண்டு, ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையும் குரோமியத்தையும் ஸ்டேபிளிலேயே புதிது புதிதாக ஏற்றுகிறது. ஆதரவு குறைவான, அல்லது நின்றுபோன பேக்கேஜ்களின் பட்டியலைக்கூடத் தனிப் பேக்கேஜாகத் தருகிறது. 'டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்' என்பது அதன் பெயர். அதை நிறுவி, 'செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையை ஓட்டினால், நம் கணினியில் எதெல்லாம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டேபிள் பயன்படுத்துகிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களில் எத்தனை பேர் இதை ஓட்டிப் பார்த்திருப்பார்கள்?

இனி எதிர்த்தரப்பு. ரோலிங் டிஸ்ட்ரோ எப்போதும் உடைந்துகொண்டே இருக்கும் என்பது மிகைப்படுத்தல். டம்பிள்வீட் ஒவ்வொரு தொகுப்பையும் ஓபன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனையில் நிறுவி, இயக்கிப் பார்த்த பிறகே வெளிவிடுகிறது. ரோலிங்கின் உண்மையான குறை வேறு: திருத்தமும் மாற்றமும் ஒரே மூட்டையில் வருகின்றன. ஓட்டையை அடைக்க வேண்டுமானால் புதிய நடத்தையையும் சேர்த்து வாங்க வேண்டும். ஆர்ச்சில் பாதி அப்டேட்டுக்கு ஆதரவு கிடையாது. 2022 ஆகஸ்டில் ஆர்ச்சின் க்ரப் பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டபோது, வட்டில் நிறுவியிருந்த பழைய பூட்லோடருக்கும் புதிதாக உருவான கான்ஃபிக் கோப்புக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் புதுப்பிக்காதவர்கள் சிலருக்குக் கணினி பூட் ஆகவே இல்லை. அறிவிப்பைப் படித்து, யுஎஸ்பி வழியாக நுழைந்து சரிசெய்யத் தெரிந்தவருக்கு இது ஒரு மாலை நேர வேலை. நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை நடந்தால் அதற்குப் பெயர் வேறு. பராமரிப்பாளர் செய்ய வேண்டிய உழைப்பை ரோலிங் பயனரின் கைக்கு மாற்றுகிறது. அந்தக் கை தேர்ந்ததாக இருந்தால்தான் கணக்கு நேராகும்.

ஃப்ளாட்பேக், கன்டெய்னர் போன்ற இடைவழிகள் அடித்தளத்தை அசைக்காமல் மேலே புதியதை வைக்க உதவுகின்றன. நல்ல வழிதான். ஆனால் அவற்றுக்குள் கட்டிவைத்த நூலகங்களைப் புதுப்பிக்கும் கடமை இப்போது செயலியைக் கட்டியவருக்கு. அவர் ஓய்ந்துபோனால், புதியதென்று எடுத்த பெட்டிக்குள் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். டெபியனின் அதிகாரபூர்வ பேக்போர்ட்ஸ் களஞ்சியம், புதிய லேப்டாப்பின் வைஃபைக்கான கெர்னல் போன்ற தேவைக்கு உதவும். அதிலுள்ளவற்றுக்கு ஸ்டேபிளின் அதே பாதுகாப்புக் கவனிப்பை எதிர்பார்க்கக் கூடாது.

தீர்ப்புக்கு வரலாம். கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தப் பதிப்பு எவ்வளவு புதியது?' என்பதைவிட, 'இந்தப் பதிப்புக்கு ஒரு ஓட்டை வந்தால் அடைப்பவர் யார்?' என்பதே. கெர்னல், ஓபன்எஸ்எஸ்எல், ஓபன்எஸ்எஸ்எச், போஸ்ட்கிரெஸ் போன்ற அடித்தளங்களுக்கு ஸ்டேபிள் டிஸ்ட்ரோக்களில் அப்படி ஆள் இருக்கிறது. 2008-இலும் 2023-இலும் வெளிப்பட்ட அந்தச் சறுக்கல்களுக்குப் பிறகும் இதுதான் என் முடிவு. ஆகவே பிறருக்காக ஓடும் சர்வர், பள்ளி ஆய்வகம், அலுவலகம் ஆகியவற்றுக்கு அடித்தளம் ஸ்டேபிளாகவே இருக்க வேண்டும். டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற வழித்தோன்றல்களை எடுப்பவர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: டெபியன் தந்த திருத்தம் இங்கே எத்தனை நாளில் வருகிறது?

இணையத்தை நேரடியாகத் தொடும் பிரவுசர் முதலியவற்றிலும், கவனிக்க ஆளில்லாத சிறு பேக்கேஜ்களிலும் புதியதே சரி. அங்கே ஸ்டேபிள் என்பது வெறும் முத்திரை. முழு ரோலிங், தன் கணினியைத் தானே பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு நல்ல தேர்வு. பிறருக்காக ஒருவர் எடுத்துக்கொடுக்க வேண்டிய தேர்வு அல்ல.

ஸ்டேபிளுக்குச் சாதகமான இந்தத் தீர்ப்பில் ஒரு கடனும் சேர்ந்தே வருகிறது. சிட் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கவனத்தால்தான் எக்ஸ்இசட்டிலிருந்து ஸ்டேபிள் தப்பித்தது. எனவே நூறு கணினிகளை ஸ்டேபிளில் வைத்து நிம்மதியாக நடத்தும் நிறுவனம், ஒன்றிரண்டையாவது டெஸ்டிங்கில் ஓட்டி, கண்ட பிழைகளைத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையை எல்லோரும் அடுத்தவருக்கு விட்டால், ஸ்டேபிள் என்று உறையவைப்பது யாரும் ஓட்டிப் பார்க்காத நிரலாகவே இருக்கும்.